பதினொன்றில் எதை விடுவது

சின்னவளுக்கு நாற்பத்தொன்பது வயது. வீட்டில் பிறந்த இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகளும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகும் அது உதிர்கிற வழியாக இல்லை. அவள் தொழில் பல் கட்டுவது. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பற்களை அடுக்கி, மேல்தாடையும் கீழ்தாடையும் பொருந்திக் கடிக்கிறதா என்று பார்த்து, பல்செட்டாகக் கொடுத்தனுப்புவாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே லேபில், ஒரே ஜன்னலோர மேசையில் அந்த வேலை. முகமே பார்க்காமல் ஊரில் பாதிப் பேரைச் சிரிக்க வைத்தவள் என்று அவள் கணவர் கேலி செய்வார்.

அக்கா, பிறந்து வளர்ந்த ஊரிலேயே இருந்தாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தினமும் மாலை ஏழரைக்கு அவளிடமிருந்து போன் வரும். நாலு வருஷமாக அந்த ஏழரை மணிப் பேச்சுக்கு ஒரே பொருள்தான். இருவரும் பார்க்கிற ஆஸ்பத்திரித் தொடர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, அதில் ஒரு மூத்த டாக்டர், அவருக்குக் கீழே எந்நேரமும் காதலித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருக்கிற பத்துப் பன்னிரண்டு இளம் டாக்டர்கள். நோயாளிகள் நடு நடுவே வந்து போவார்கள். ஒருத்தியை விட்டு ஒருத்தி முன்னால் போகக் கூடாது என்று சகோதரிகளுக்குள் பேச்சு.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஏழரைக்குப் போன் வந்தது. சின்னவள் சோபாவில் உட்கார்ந்து, நகக்கண்ணில் ஏறியிருந்த மெழுகைக் குண்டூசியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் போயிட்டாருடி" என்றாள் அக்கா.

"ஐயோ, சொல்லாதேக்கா. நான் இன்னும் ஏழாவதுலதான் நிக்கிறேன். எந்த எபிசோடுன்னுகூடச் சொல்லாதே."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று சின்னவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"நம்ம டாக்டர்டி" என்றாள் அக்கா மெதுவாக. "நம்ம தெரு டாக்டர். காலையில, தூக்கத்துலயே."

சின்னவளுக்கு உடம்பு கூசிப்போயிற்று. ஏழு வயதில் இரும்புக் கேட்டில் ஏறி விழுந்தபோது அவள் மோவாயில் மூன்று தையல் போட்டவர். அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும், கூப்பிடாமலே வந்து நாடி பார்த்துவிட்டுப் போனவர்.

"அக்கா, நான் என்ன நெனச்சேன்னா..."

"தெரியுது, நீ என்ன நெனச்சேன்னு. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கிறாங்க. வர்றியா?"

"நாளைக்கா? ஒரு முழு செட் முடிச்சுக் கொடுத்தாகணும்க்கா. அந்த மனுஷர் ரெண்டு மாசமா வாயில ஒரு பல்லும் இல்லாம கஞ்சியா குடிச்சுக்கிட்டு இருக்கார்."

"சரி. வேலையைப் பாரு."

அக்கா போனைக் கோபமாக வைக்கவில்லை. சாதாரணமாகத்தான் வைத்தாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார் கணவர். அவர் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கட்டடங்களின் அடிக்குழியில் நின்று கிரீஸும் தூசுமாக வீடு வந்து சேருகிறவர்.

"யாரு போயிட்டாங்க?"

"டாக்டர்."

"அட. இந்த சீசன்லயேவா?"

சின்னவள் பார்த்த பார்வையில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் குளியலறைக்கே போய்விட்டார்.

புதன்கிழமை அக்காவிடமிருந்து போன் வரவில்லை. வியாழன், வெள்ளியும் வரவில்லை. லேபில் மெழுகுப் பற்களை அடுக்கும்போதெல்லாம் சின்னவளுக்குத் தன் குரலே காதில் கேட்டது: சொல்லாதேக்கா, நான் இன்னும் ஏழாவதுலதான் நிக்கிறேன். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மேல் வந்த கோபமா, தன் மேல் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாத எரிச்சல். கடைசியில் அது சுவரில் மாட்டியிருந்த டிவியின் மேல் போய் இறங்கியது. சும்மா கிடந்தவளை இந்தப் பெட்டிதான் இப்படி ஆக்கிவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்தித் தொலைத்தால் என்ன?

சனிக்கிழமை லேப் அரை நாள். மதியம் வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் ரிமோட்டை எடுத்து உட்கார்ந்தாள். டிவியைப் போட்டதும் மேலே ஒரு வரிசை வரும், பாதியில் விட்டதெல்லாம் நிற்கிற வரிசை. ஒவ்வொரு படத்துக்கும் அடியில் எவ்வளவு தூரம் பார்த்தாயிற்று என்று ஒரு சிவப்புக் கோடு. வலது பக்கம் அழுத்திக்கொண்டே போனாள். பதினொன்று. பதினோரு சிவப்புக் கோடுகளும் பாதியில் கடன் வைத்துவிட்டுப் போனவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தன.

லேபில் வேலை எழுதி வரும் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் எழுதினாள். தலைப்புகள் அவளுக்குச் சரியாக வாயில் நுழையவில்லை. அதனால் ஆள் பேரைப் போட்டே எழுதினாள். ஆஸ்பத்திரி, அக்காவுடையது. பனி ஊர் கொலை, கணவருடையது. ராணி, மகளுடையது. வீடு புதுப்பிக்கிறது, லேபில் கூட வேலை பார்க்கிற பளபளாவுடையது. கொழுந்தன் ஒவ்வொரு தடவை வரும்போதும் "பார்த்தாச்சா அண்ணி?" என்று கேட்கிற ராணுவத் தொடர் ஒன்று. அதில் முதல் எபிசோடில் ஐந்து நிமிஷம். பக்கத்து வீட்டம்மா சொன்னதற்காக ஆரம்பித்தது ஒன்று, அந்தம்மா வீடு மாறிப் போயே ஒரு வருஷம் ஆகிறது. இப்படியே எழுதிக்கொண்டு போனாள். பதினொன்றையும் எழுதிவிட்டு மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தாள். தன் பேரைப் போட்டு எழுத ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்ததும் எரிச்சல் இன்னும் ஒரு பங்கு ஏறியது.

"ஏங்க, இங்க வாங்க. இந்த செத்தவங்க எழுந்து நடக்கிறது யாரோடது?"

கணவர் வந்து எட்டிப் பார்த்தார். "உன்னோடதுதானே?"

"என்னோடதா? எனக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். உங்களுக்குப் பிடிக்குமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"எனக்கு எங்க பிடிச்சது? நீ ஆசையா பார்க்கிறியேன்னு நான் பேசாம இருந்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு சீசன். சாப்பிடுகிற நேரத்தில், அழுகிய பிணங்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறுவதை முகம் சுளிக்காமல் பார்த்திருக்கிறார்கள். சின்னவள் அதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான். அதுவும் நிலைக்கவில்லை. நீக்கு என்று அழுத்தினால், ஏன் நீக்குகிறீர்கள் என்று டிவி கேட்டது. ஏதோ ஒரு காரணத்தை அழுத்தினாள். உடனே, இது உங்களுக்குப் பிடிக்காததால் இவை பிடிக்கலாம் என்று கீழே பன்னிரண்டு புதுப் படங்கள் வந்து நின்றன.

"அடுத்தது உங்க கொலை" என்றாள்.

"அதை ஏன் தொடுற?"

"நீங்க ஒரு எபிசோடாவது முழுசா பார்த்திருக்கீங்களா?"

அவர் பார்த்ததில்லை. பனி மூடிய ஊரில் போலீஸ்காரர் காரிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கும்போதே அவருக்குக் கண் சொருகிவிடும். வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். உள்ளே இடது பக்கக் கடைவாயில் அவளே செய்து கொடுத்த பல் கேப் பளிச்சென்று தெரியும். நிறுத்தினால் போதும், "பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று எழுந்துவிடுவார். மறுநாள் "எங்க விட்டோம், பின்னாடி போ" என்பார். அப்படிப் பின்னால் போய்ப் போய், ஒவ்வொரு எபிசோடின் முதல் பதினைந்து நிமிஷமும் சின்னவளுக்கு மனப்பாடம். கொலை செய்தது யார் என்று மட்டும் ஒன்றரை வருஷமாகத் தெரியாது.

"கொலைகாரன் யாருன்னே தெரியாம எப்படி விடறது?" என்றார் அவர்.

"நீங்க தூங்கினா அவன் எப்படிங்க வந்து சொல்லுவான்?"

"தூங்கினாலும் காதுல விழும்."

"அப்போ ரேடியோ வாங்கித் தர்றேன். எனக்கு விடுதலை கொடுங்க."

 அவர் சோபாவின் கைப்பிடியில் இருந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாள் பூரா குழியில நிக்கிறேன். சாயந்திரம் உன் பக்கத்துல வந்து உட்கார எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு?" என்றார். கொஞ்சலாகச் சொல்லவில்லை. ஒயர் எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். சின்னவளுக்கு அதைக் கேட்டு உருகுவதா, கத்துவதா என்று தெரியவில்லை. இப்படியொரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் எப்படிக் கோடு இழுப்பது? சீட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளுக்குப் போன் செய்தாள். ராணித் தொடரை மகளும் அவளும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். கடைசி நாலு எபிசோடு மிச்சமிருக்கும்போது மகளுக்கு வேலை கிடைத்தது. பெட்டியைக் கட்டும்போது, "நான் இல்லாம நீ பார்க்கக் கூடாதும்மா. லீவுல வரும்போது சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினாலு மாதம் ஆயிற்று. அந்தப் பதினாலு மாதமும் சின்னவள் சத்தியம் காத்தாள். லேபில் யாராவது ராணியைப் பற்றிப் பேச்செடுத்தால் அரவை மெஷினைப் போட்டுவிடுவாள். பத்திரிகையில் படம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் கேக்கறேன்" என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "அந்த ராணியை இனிமே பார்க்க வேணாம்னு விட்டுடலாமா?"

"எந்த ராணி?"

"நாம பாதியில வெச்சோமே."

"ஓ, அதுவா. நான் அதை எப்பவோ முடிச்சிட்டேன்மா. இங்க ரூம்ல எல்லாரும் பார்த்தாங்க, நானும் உட்கார்ந்துட்டேன்."

"எப்போ?"

"வந்த புதுசுல. மூணாவது வாரமோ என்னமோ."

சின்னவள் சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏண்டி எங்கிட்ட சொல்லலை?"

"நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன். நிஜமாவே காத்துக்கிட்டா இருந்தே? கடைசியில அவ..."

"சொல்லாதே" என்று வாய் தன்னால் சொல்லியது. பிறகு, "சரி, சொல்லு. இனிமே என்ன" என்றாள்.

"நாட்டை விட்டு ஓடிடுவா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மகள் சமாதானமாக ஏதேதோ பேசினாள். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாள், புதிதாக ஒன்று ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னாள். சின்னவள் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். சீட்டில் ராணியின் மேல் இழுத்த கோடு தாளைக் கிழித்துக்கொண்டு மேசை விரிப்பில் இறங்கியது.

திங்கட்கிழமை பளபளாவின் முறை. லேபில் செட்டுகளுக்குக் கடைசியாகப் பாலிஷ் போடுகிற பெண் அவள். அவள் கை பட்டால் பல் கண்ணாடியாக மின்னும் என்பதால் அந்தப் பெயர். மாமனார் மாமியார் கொழுந்தன்கள் என்று ஏழு பேரோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். அவளுக்குப் பிடித்தது, பாழடைந்த வீடுகளைப் புதுப்பித்துக் காட்டுகிற தொடர். மதியச் சாப்பாட்டின்போது அதைப் பற்றிப் பேசப் பேச்சுத்துணை வேண்டும் என்று சின்னவளைப் பிடித்து இழுத்துவிட்டவளும் அவள்தான்.

பின்னறையில், காற்றழுத்த மெஷின் விட்டு விட்டு உறுமுகிற சத்தத்துக்கு நடுவில் இருவரும் டப்பாவைத் திறந்தார்கள்.

"அக்கா, நேத்து அந்தச் சமையலறைக்கு நீலம் அடிச்சாங்களே, பார்த்தீங்களா?"

"இல்லைம்மா. நான் அதை விட்டுட்டேன்."

"நேத்தையதையா?"

"தொடரையே."

பளபளா கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தாள். "நான் ஏதாவது தப்பா பேசிட்டேனாக்கா?"

"உன்கிட்ட என்ன தப்பு. எனக்கு நேரமில்லை. கண்ணும் வலிக்குது. நாள் பூரா பல்லையே உத்துப் பார்த்துட்டு, வீட்டுக்குப் போயும் உத்துப் பார்க்கணும்னா முடியலை."

பளபளா யோசித்தாள். அவள் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"அவ்வளவுதானேக்கா? நீங்க பார்க்கவே வேணாம். நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

சொன்னாள். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். முதலில் வாசல் கதவு. கதவின் பழைய வர்ணத்தைச் சுரண்டியது. சுரண்டியபோது உள்ளே இருந்த இன்னொரு வர்ணம். அதைப் பார்த்து வீட்டுக்காரி அழுதது. நாற்பது நிமிஷத் தொடரை அவள் ஐம்பது நிமிஷம் சொன்னாள். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தபோது குளியலறைக் குழாய் இன்னும் மாட்டியிருக்கவில்லை. அதை நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் பாலிஷ் மெஷினுக்குப் போனாள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோதாவது சின்னவளால் நடுவில் எழுந்து பாத்திரம் கழுவ முடிந்தது. இப்போது அதற்கும் வழியில்லை.

அன்று மாலை சின்னவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். நிறுத்தியவை எத்தனை என்று விரல் விட்டுப் பார்த்தாள். ஆள் இல்லாமல் கிடந்த ஏழும் எளிதாகவே போயின. யாரும் கேட்கக்கூட இல்லை. ஆள் நின்று கேட்கிறவைதான் கழுத்தைப் பிடித்தன. ஆஸ்பத்திரியில் இன்னும் கை வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு அவளே அக்காவுக்குப் போன் செய்தாள். டாக்டர் வீட்டுத் துஷ்டியைப் பற்றிக் கேட்டாள். கூட்டம் தெரு முனை வரை நின்றது என்றாள் அக்கா. மழை வரும்போல இருந்தது, வரவில்லை என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, பாதியில நிக்கிற பதினொண்ணையும் விடப் போறேன். ஆஸ்பத்திரியையும் விட்டுடலாம்னு இருக்கேன்."

"விடு."

"கோபமா?"

"எனக்கென்ன கோபம்."

சின்னவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"அப்புறம்?" என்றாள் சின்னவள்.

"அப்புறம் ஒண்ணுமில்லை."

"மாமா எப்படி இருக்கார்?"

"இருக்கார்."

அதோடு முடிந்தது. மறுநாள் அக்கா போன் செய்தாள். அன்றைக்கு அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. அக்கா கடமைக்குச் செய்தாள், சின்னவள் கடமைக்கு எடுத்தாள். வியாழக்கிழமை குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது வரைக்கும் பேசித் தீர்த்தாயிற்று. அக்கா காலையில் எழுந்து இரவு படுக்கும் வரை என்ன செய்கிறாள், யாரோடு பேசுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று தனக்கு எதுவுமே தெரியாதென்பது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸுக்கு எந்த டாக்டர் மேல் கண் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "ஏன்க்கா, இந்தத் தொடருக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் என்னதான் பேசுவோம்?"

"அம்மாவைப் பத்திப் பேசுவோம்" என்றாள் அக்கா. "மாத்திரை கொடுத்தியா, சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு கேப்பே. அம்மா போனப்புறம் ரெண்டு மூணு நாள் போன் பண்ணி ரெண்டு பேரும் சும்மாவே இருந்தோம். அப்புறம்தான் நீ இதைப் பாருன்னு சொன்னே."

 தான்தான் ஆரம்பித்தாள் என்பதே சின்னவளுக்கு மறந்துபோயிருந்தது.

"டாக்டர் போய் டாக்டரம்மா தனியா ஆயிட்டாங்க. அவங்களை நீ இன்னும் வந்து பார்க்கலை" என்றாள் அக்கா.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்."

வந்தாள். பஸ் நிலையத்தில் அக்கா குடையோடு நின்றிருந்தாள். டாக்டர் வீட்டுக்கு நடந்து போகும் வழியில் சின்னவளே பேச்செடுத்தாள்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்புதான்க்கா. நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருந்துச்சு."

"அது கிடக்கட்டும். வாய் தவறினது வாய் தவறினதுதானே." அக்கா நின்று திரும்பினாள். "ஏழாவதுல நிக்கிறேன்னு சொன்னியே, அதுதான்டி. நான் அஞ்சாவதோட நிறுத்திட்டு, வாரம் பூரா உனக்காகத் தொடாம உட்கார்ந்திருந்தேன்."

 இத்தனை நாளாக அக்காவின் மௌனத்தைச் சின்னவள் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தாள், இது ஒன்றுதான் தோன்றவில்லை. "ரெண்டே ரெண்டுதான் பார்த்தேன்" என்று முனகினாள். "அன்னிக்கு அவர் வேலை முடிஞ்சு வர லேட்டாச்சு."

"சாக்கு சொல்லாதே. நட."

டாக்டர் வீட்டின் முன்னறைதான் அவருடைய கிளினிக். நோயாளிகள் உட்காரும் மர பெஞ்சு, எடை பார்க்கும் மெஷின், சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துகள், எல்லாம் அப்படியே இருந்தன. ஸ்பிரிட் வாசனைகூடப் போகவில்லை. டாக்டரம்மா எழுபதைத் தாண்டியவள். ஒல்லி, நிமிர்ந்த முதுகு, கறாரான கண். சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மோவாயில் போட்ட மூன்று தையலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். டாக்டரம்மா கொஞ்சம் கேட்டுவிட்டுக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. பன்னிரண்டு நாளா வர்றவங்க எல்லாரும் ஆளுக்கொரு தையல், ஆளுக்கொரு ஊசின்னு சொல்லிட்டுப் போறாங்க. எல்லாரும் நல்ல மனசோடதான் சொல்றாங்க. எனக்குத்தான் சாயந்திரம் நாலு மணியானா என்ன பண்றதுன்னு தெரியலை. நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் நான்தான் இங்க உட்கார்ந்து டோக்கன் கொடுப்பேன். நாற்பத்தோரு வருஷம். இப்போ நாலு மணிக்கு இங்க வந்து உட்கார்றேன், யாரும் வர்றதில்லை."

பிறகு, உள்ளறையைக் காட்டினாள். வெளியூரிலிருந்து வந்த மகன் புது டிவி வாங்கி மாட்டி, எல்லாத் தொடரும் வருகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருந்தான். ரிமோட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவள் இன்னும் உரிக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் நிறையப் பார்ப்பீங்கன்னு அக்கா சொன்னா. எது நல்லாயிருக்கும்?"

சின்னவள் டிவியைப் போட்டாள். பாதியில் விட்ட வரிசையே இல்லை. ஒரு சிவப்புக் கோடு கிடையாது. துடைத்து வைத்த மாதிரி இருந்த அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது அவளுக்குப் பொறாமையாக இருந்தது. முதலில் வந்து நின்றது ஆஸ்பத்திரித் தொடர். அக்கா பின்னாலிருந்து அவள் முதுகில் ஒரு விரலால் குத்தினாள். சின்னவள் அவசரமாகத் தாண்டிப் போனாள். கொலை வந்தது, ராணி வந்தாள், செத்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஒவ்வொன்றாக வரவர அவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

"என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறே?"

"எனக்குப் பிடிச்சதுன்னு சொல்ல ஒண்ணும் இல்லைங்கம்மா."

"அப்போ எதுக்குப் பார்த்தே?"

டாக்டரம்மா வேண்டுமென்று குத்திக் கேட்கவில்லை. எத்தனை நாளாக ஜுரம் என்று கேட்கிற தொனிதான். சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"கொடு இங்க" என்று டாக்டரம்மாவே ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். மூன்று வரிசை கீழே இறங்கி, ஒரு சரக்குக் கப்பலின் படத்தில் வந்து நிறுத்தினாள். "இது என்ன?" யாருக்கும் தெரியவில்லை. போட்டாள். ஒரு கப்பல் துறைமுகத்திலிருந்து கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை. கயிற்றைப் பற்றிப் பேசினார்கள். வானிலையைப் பற்றிப் பேசினார்கள். சமையல்காரர் மூட்டைகளை எண்ணினார். பத்தாவது நிமிஷம் அக்கா கொட்டாவியை விழுங்கினாள். சின்னவளுக்குப் பனி ஊர் போலீஸ்காரரே தேவலை என்று தோன்றியது. டாக்டரம்மா மட்டும் நாற்காலியின் விளிம்புக்கு வந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிகிற நேரத்தில் கப்பல் ஒருவழியாகக் கரையை விட்டு நகர்ந்தது. அவள் பெருமூச்சு விட்டாள்.

"எத்தனை பாகம் இருக்கு?"

"ஆறு சீசன் போட்டிருக்குங்கம்மா. அறுபதுக்கு மேல."

"நல்லது. தனியா பார்த்தா எனக்குப் புரியாது. யாராவது கூட வேணும். நாலு மணிக்கு."

சின்னவள் வாயைத் திறந்து, "நான் வெளியூர்ல இருக்கேங்கம்மா, லேப் வேற அஞ்சரை வரைக்கும் இருக்கும். அக்கா பக்கத்துலதானே இருக்கா, வருவா" என்றாள்.

சொன்ன பிறகு அக்கா பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. "வர்றேங்கம்மா" என்று அக்கா சொல்வது மட்டும் கேட்டது. மரியாதைக்குச் சொன்ன குரல்தான். ஆனால் டாக்டரம்மா அதைக் கேட்டு ரிமோட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க ஆரம்பித்துவிட்டாள். இனி அதை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

தெருவுக்கு வந்ததும் அக்கா குடையை விரிக்காமல் கையில் பிடித்தபடியே பஸ் நிலையம் வரை நடந்தாள்.  பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து, "அறுபது" என்றாள். "அறுபதுக்கு மேலடி. நீ உன் பதினொண்ணைத் தலை முழுகுறதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"அவங்க பாவம்க்கா."

"நான்?"

பஸ் நகர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை மதியம் பளபளா வேறொரு வீட்டுக் குளியலறைக் குழாயை மாட்டி முடித்துவிட்டு மாடிப்படிக்குப் போனாள். மாலையில் பனி ஊர் போலீஸ்காரர் காரிலிருந்து இறங்கினார். அவர் நடக்கத் தொடங்கியதும் கணவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். சின்னவள் நிறுத்தவில்லை. கொலைகாரன் யாராக இருந்தாலும் இன்றைக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். ஏழு இருபத்தைந்துக்கே போன் அடித்தது.

"எடுக்க இவ்வளவு நேரமா?" என்றாள் அக்கா. "சாயந்திரம் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். ஏழு மணிக்குத்தான் விட்டாங்க. மூணு எபிசோடு. மூணு. நடுக்கடல்ல இஞ்சின் நின்னுபோச்சு. அதை ரிப்பேர் பண்றேன்னு ஒருத்தன் உள்ள போனான், வெளிய வரவே இல்லை. டாக்டரம்மா என்னடான்னா அவன் எப்போ வருவான்னு கையைப் பிசையறாங்க. இடையில டீ கொடுத்தாங்க, அதைக் குடிக்கக்கூட விடலை, கப்பலைப் பாரு, கப்பலைப் பாருன்னு."

சின்னவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். நாலு வருஷத்தில் அக்கா இவ்வளவு கோபமாக, இவ்வளவு வேகமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"அந்தக் கேப்டன் என்ன பண்ணினார்?"

"எந்தக் கேப்டன்? ரெண்டு பேர் இருக்காங்கடி. உனக்கு ஒண்ணுமே தெரியாது. முதல்லேர்ந்து சொல்றேன், கேளு."